தண்ணி வத்திடுச்சுன்னு போனாரு

அது ஒரு கல்யாண மண்டபம். மேடைச் சுவரில் யாருடைய கல்யாணத்துக்கோ ஒட்டிய ஜிகினா எழுத்துகளில் பாதி இன்னும் இருந்தன. கீழே, பந்தி போடுகிற இடத்தில், வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். மேலே வெள்ளைத் துணி.

ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் தலைமாட்டுக்குப் போய்த் துணியைத் தூக்கக் குனிந்தார்.

"மூஞ்சி வேணாங்க. கால காட்டுங்க" என்றேன்.

"காலா?"

"ஆமாங்க. எந்தம்பி உப்பளத்து ஆளு. கால பாத்தா தெரிஞ்சிடும்."

அவர் நிமிர்ந்தார். கால்மாட்டுக்கு வந்து துணியை விலக்கினார். நான் உட்கார்ந்து பார்த்தேன்.

போன வாரம் இந்தத் தொடரில், மழைக்கு முன்னால் உப்புக் குவியலைக் கீற்று போட்டு மூடுவதைப் பற்றி எழுதினேன். அதற்கடுத்து மழை. மழை என்றால் தம்பியைப் பற்றி எழுதாமல் தாண்ட முடியாது.

மிதிக்கிற கால்

ஏன் கால் என்று சொல்லிவிடுகிறேன்.

மழை முடிந்து தை பிறந்ததும் பாத்திகளில் நிற்கிற தண்ணீரை இறைத்துவிடுவோம். அடியில் கொழகொழவென்று சேறு கிடக்கும். அதில் அப்படியே உப்பு விளைந்தால் வாரும்போது மண்ணும் சேர்ந்து வரும். அதனால் மிதிக்க வேண்டும். நாலைந்து பேர் தோளோடு தோள் ஒட்டி நின்று, ஒருவன் கால் பட்ட தடத்தில் பாதியை அடுத்தவன் மிதிக்கிற மாதிரி நகர வேண்டும். காயவிட்டு மறுபடி மிதிப்போம். கடைசியில் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிவிடும். தட்டினால் சத்தம் வரும்.

இப்படி மிதித்தவன் கால் தனியாகத் தெரியும். குதிகால் வெடிப்பில் உப்பு ஏறி வெள்ளைக் கோடு கோடாக இருக்கும். விரலிடுக்கில் புண் ஆறி ஆறித் தோல் தடித்திருக்கும். விரல்கள் அகன்று ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் எவன் உப்பளத்துக்காரன் என்று நான் சொல்லிவிடுவேன்.

என் தம்பி வேலு எனக்கு இடது பக்கம் நிற்பான். குதிகாலைக் குத்திக் குத்தி மிதிப்பான். சேறு தெறித்து என் முகத்தில் படும்.

"டேய், பாத்தி மிதிக்கிறியா, பாம்பு மிதிக்கிறியா?"

"நீ பூவு மேல நடக்கற மாதிரி நடக்கற. உன்ன நம்பினா உப்பு வெளைஞ்சா மாதிரிதான்."

பெண்கள் சிரிப்பார்கள். அவனுக்கு அது போதும். இன்னும் பலமாகக் குத்துவான்.

நல்ல தண்ணி

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எங்களுக்கு வேலை கிடையாது. உப்பளம் முழுக்க மழைத் தண்ணீரில் கிடக்கும். சிலர் பாண்டிச்சேரிக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். சிலர் சும்மா இருப்பார்கள். வேலுவுக்குக் கல்யாணமான பிறகு, அவன் பெண்டாட்டி அஞ்சலையின் உறவுக்காரர் ஒருவர் நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை இருக்கிறது என்றார். மழைக்காலத்துக்கு மட்டும் இரண்டு பேரும் போனார்கள். ஊர்ப் பேர் வேண்டாம். அந்த ஊர் இப்போது இல்லை.

முதல் தடவை போய் வந்தவன் தண்ணீரைப் பற்றியே பேசினான்.

"எந்தப் பக்கம் கைய நீட்டினாலும் நல்ல தண்ணிண்ணா. பாறையில சும்மா ஒழுவுது. குடிச்சா பல்லு கூசுது."

"அங்கயே இருந்துட வேண்டியதுதானே?"

"இருந்துடுவேன். உன் கூட யாரு மிதிக்கிறது?"

எங்கள் ஊரில் திரும்பின பக்கமெல்லாம் தண்ணீர்தான். கடல், கழுவெளி உப்பு ஏரி, கால்வாய், ஓடை. எதையும் வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்று தெரியாது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் சண்டை போடுவார்கள். அஞ்சலை அந்தச் சண்டையில் ஒருநாள் கையை உடைத்துக்கொண்டாள். அதிலிருந்து வேலுவுக்குத் தண்ணீர் மேல் ஒரு கண்.

தோட்டத்தில் வேலைக்காரர்களுக்கு வரிசை வீடுகள். லயன் என்பார்கள். வரிசையில் கடைசி வீடு ஓடையை ஒட்டி இருந்தது. காலியாகக் கிடந்தது. வேலு அதைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

"ஏன்டா அது மட்டும் காலியா இருந்துச்சு?" என்றேன்.

"ஓடை சத்தத்துல அவங்களுக்குத் தூக்கம் வரலையாம். நமக்கு இன்னா, கடல் சத்தத்துல பொறந்தவங்க."

வாசலில் உட்கார்ந்தபடியே கால் கழுவலாம் என்றான். பின்பக்கம் குனிந்தால் குடம் நிறைந்துவிடும் என்றாள் அஞ்சலை. சொல்லும்போது அவள் முகம் பார்க்க நன்றாக இருந்தது.

போன்

இது நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. ஐப்பசி கடைசி. இங்கேயும் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அஞ்சலை.

"மாமா, தண்ணி வத்திடுச்சுன்னு போனாரு. வரல."

"எங்க போனான்?"

"வூட்டுக்கு. மம்பட்டி எடுத்துக்கினு போனாரு. வூடு இல்ல மாமா."

"இல்லன்னா?"

"எதுவும் இல்ல. லயனே இல்ல."

போன் கட்டாகிவிட்டது.

எனக்குப் புரியவில்லை. தண்ணீர் வந்து வீடு போனது என்றால் புரியும். வற்றிய பிறகு என்ன போகும்?

எங்கள் ஊரில் ஓடை பொங்கினால் வீட்டோடு கிடப்போம். "எறங்கிடுச்சு" என்று ஒருத்தன் கத்தினால் போதும். ஆம்பளைகள் எல்லாம் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். எந்தக் கரை உடைந்தது, எங்கே மண் போட்டு அடைப்பது என்று பார்க்க வேண்டும். முதலில் போகிறவன் பாத்தி பிழைக்கும். சோறு தின்றுகொண்டிருந்தாலும் கை கழுவிவிட்டு ஓடுவோம். வேலு கழுவ மாட்டான். வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடுவான்.

தண்ணீர் இறங்கினால் ஆபத்து முடிந்தது. எங்களுக்குத் தெரிந்தது இதுதான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கால் தானாகப் போகும்.

மலை

திண்டிவனம் போய் பஸ் ஏறினேன். ஊர் ஊராக மாறினேன். அதற்கு முன் நான் மலை என்று பார்த்ததெல்லாம் செஞ்சிப் பக்கத்துப் பாறைக் குன்றுகள். பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன். அவை அங்கேயே இருக்கும்.

இது வேறு மாதிரி இருந்தது. மேலே போகப் போக மழை, பனி. ரோட்டில் மண் விழுந்து கிடந்தது. பஸ் நின்ற இடத்திலிருந்து ஜோசப் என்று ஒருவர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். முன்பு டிப்பர் லாரி ஓட்டினாராம். வேலுவின் அண்ணன் என்றதும் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார்.

ஒரு திருப்பத்தில் ஜீப்பை நிறுத்தினார். "எறங்குங்கண்ணே. இங்க இருந்தே பாத்துடுங்க."

மலை உச்சியிலிருந்து பள்ளம் வரை சிவப்பாக ஒரு கோடு. மேலே குறுகல். வர வர அகலம். கீழே லாரி லாரியாகப் பாறைகள். பட்டை உரிந்த மரங்கள், எலும்பு மாதிரி. இரண்டு பக்கமும் தேயிலை அப்படியே பச்சையாக இருந்தது. கத்தரித்த மட்டம்கூடக் கலையவில்லை.

மண் வாசனை இல்லை. பச்சை மரத்தை அறுத்த வாசனை. அந்த வாசனை எனக்கு இன்னும் ஆகாது. ஊரில் மர வாடிப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

"லயன் எங்க இருந்துச்சு?"

ஜோசப் கையைக் காட்டினார். அந்த இடத்தில் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. ஓடை இருந்த இடத்தில் பாறை இருந்தது.

ஜோசப் சொன்னது

"மழை எங்க ஊர்லயும்தான் பெய்யுது. இது எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டேன்.

"அந்த மொட்டைய பாருங்க. அது காடா இருந்துச்சு. வெட்டி ரொம்ப வருஷம் ஆச்சு. வெட்டினப்ப ஒண்ணும் ஆகல. மரம் போனாலும் வேரு உள்ள புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் வேரும் மக்கிப் போச்சு. மண்ணு சும்மா ஒக்காந்திருந்துச்சு."

"சரி."

"அதுக்குக் கீழ பாருங்க, ரோடு. டூரிஸ்ட் பங்களாவுக்குப் போட்டது. மலையோட கால அறுத்துட்டாங்க. அறுத்த மண்ண எங்க கொட்டினாங்க சொல்லுங்க."

நான் அந்தச் சிவப்புக் கோட்டின் உச்சியைப் பார்த்தேன்.

"ஓடைத் தலையில. நான் அடிச்ச லோடும் அதுல இருக்குண்ணே."

பீடி பற்ற வைத்தார். நனைந்திருந்தது. பற்றவில்லை. கீழே போட்டார்.

மழை விடாமல் பெய்து மண் ஊறிவிட்டது. மேலே ஒரு பக்கம் சரிந்து ஓடையில் விழுந்தது. மரமும் கல்லும் குறுகலான இடத்தில் சிக்கி அடைத்துக்கொண்டன. பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. கீழே ஓடை வற்றியது. பிறகு அடைப்பு உடைந்தது.

"தண்ணியா வரலண்ணே. கான்கிரீட் கலவ மாதிரி வந்துச்சு. பாறை அடியில உருளல, மேல மெதந்துக்கிட்டு வந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

"வேலுவ பாத்தீங்களா?"

அவர் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடை திடீர்னு கொறஞ்சா மேல எங்கயோ அடைச்சிருக்குன்னு அர்த்தம். இங்க சின்னப் புள்ளைக்கும் தெரியும். கொறஞ்சதும் கீழ மிச்சம் இருந்த எங்காளுங்க மேட்டுக்கு ஓடினாங்க. உங்க தம்பி மேட்டுல இருந்து கீழ ஓடினாரு. கத்தினோம். 'இதோ வந்துடறேன்'னு கையக் காட்டிட்டுப் போயிட்டாரு."

அஞ்சலை

மேட்டில் ஒரு சர்ச். பிழைத்தவர்கள் அங்கே இருந்தார்கள். அஞ்சலை தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த ஸ்வெட்டர், ஆம்பளை ஸ்வெட்டர், கை நீளமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அழவில்லை. இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"காலையிலயே எல்லாரையும் இங்க வரச் சொல்லிட்டாங்க மாமா. நாங்க வந்துட்டோம், சில பேரு கீழயே இருந்துட்டாங்க. அவருக்கு இருப்புக் கொள்ளல. வூட்டுப் பின்னால கரை இருக்குது, அது இன்னா ஆச்சோன்னு சொல்லிக்கினே இருந்தாரு."

"ம்."

"மத்தியானம் ஓடை சத்தம் நின்னுச்சு. சட்டுனு நின்னுச்சு. எனக்கும் நிம்மதியாதான் இருந்துச்சு மாமா. அவரு எழுந்துட்டாரு. 'தண்ணி வத்திடுச்சு, பாத்துட்டு வந்துடறேன்'னாரு. அங்க செவுத்தோரம் ஒரு மம்பட்டி இருந்துச்சு, எடுத்துக்கினாரு. சந்தோஷமாதான் போனாரு."

ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டு, "நம்ம ஊருன்னா போவோம்தானே மாமா?" என்றாள்.

"போவோம்" என்றேன்.

அந்தச் சேறு

பொக்லைன் வைத்துத் தோண்டினார்கள். நடு நடுவே ஒருவர் விசில் அடிப்பார். இன்ஜினை நிறுத்துவார்கள். எல்லோரும் அசையாமல் நிற்போம். உள்ளேயிருந்து யாராவது குரல் கொடுக்கிறார்களா என்று கேட்பதற்கு. ஓடை ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். மறுபடி இன்ஜின் போடுவார்கள்.

நானும் இறங்கினேன். சேறு எனக்குப் புதுசு இல்லை. கால் வைத்தால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

தெரியவில்லை. மேலே காய்ந்து ஓடு கட்டியிருந்தது. அடுத்த அடியில் தொடை வரை போனது. அதற்கடுத்த அடியில் பாறை. எங்கள் சேறு ஒரே மாதிரி இருக்கும். மிதித்தால் அடங்கும். இதில் கல், வேர், தகரம், கண்ணாடி, சாப்பாட்டுத் தட்டு எல்லாம் அரைபட்டுக் கிடந்தது. எவ்வளவு மிதித்தாலும் அடங்கவில்லை. கால் கிழிந்ததுதான் மிச்சம்.

ஒரு இடத்தில் குடம் கிடைத்தது. அஞ்சலையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எங்களுடையது இல்லை என்றாள். கிடைத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.

மண்டபம்

கிடைத்தவர்களை எல்லாம் கீழே டவுனில் அந்தக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். தினமும் ஜோசப்போடு ஜீப்பில் போவேன். கால் பார்ப்பேன். திரும்புவேன்.

முதல் கால் வெள்ளையாக ஊறியிருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். தோல் சுருங்கிப் பொதபொதவென்று கிடந்தது. குதிகாலில் வெடிப்பைத் தேடினேன். வெடிப்பு இல்லை. இருந்திருந்தாலும் தெரியாது. தடித்த தோல் உரிந்து உள்ளே புதுத் தோல் மாதிரி இருந்தது. சின்ன விரல், பெரிய விரல், எல்லாம் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன.

அடுத்தது. அதற்கடுத்தது.

ஊழியர் பின்னாலேயே வந்தார். வயசானவர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, சொல்றேன்னு நெனைக்காதீங்க. சேத்துல ஊறிட்டா எல்லாக் காலும் ஒண்ணுதான்."

"இல்லைங்க. உப்பளத்துக் காலு..."

"எந்தக் காலும்."

நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் என் காலைப் பார்த்தேன். சேற்றில் நின்று நின்று அதுவும் வெளுத்திருந்தது. வெடிப்பு மூடியிருந்தது.

ஊரிலிருந்து நான் கொண்டுபோனது அந்த ஒரு அடையாளம்தான்.

பிறகு முகம் பார்த்தேன். அதைப் பற்றி எழுதவில்லை.

நின்றது

கொஞ்ச நாளில் தேடுவதை நிறுத்தினார்கள். மழை மறுபடி ஆரம்பித்துவிட்டது, மேலே இன்னொரு வெடிப்பு தெரிகிறது, தோண்டுகிறவர்களுக்கும் ஆபத்து என்றார்கள். சரிதான். என் கையில் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். ஏதாவது கிடைத்தால் ஒத்துப்பார்த்துக் கூப்பிடுகிறோம் என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை.

பிழைத்தவர்களை அந்த ஊருக்குத் திரும்ப விடவில்லை. பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். பாதிப் பேர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் இருந்தவன் எங்கே என்று அவர்களுக்கே தெரியாது. ஆள் இல்லாத சர்ச்சில் மணி மட்டும் இருக்கிறதாம்.

ஜோசப் கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டுகிறார். எப்போதாவது போன் செய்வார்.

"பங்களாவ தொறந்துட்டாங்கண்ணே. புது பெயிண்ட்."

"ரோடு?"

"ரோடு இன்னும் அகலமா போட்டிருக்காங்க."

"மண்ண எங்க கொட்டினாங்க?"

அந்தப் பக்கம் ஆட்டோ இன்ஜின் சத்தம் கேட்டது. அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

வரிசை

அஞ்சலை எங்களோடுதான் இருக்கிறாள். அவள் அம்மா வீட்டிலிருந்து வந்து பொட்டு அழிக்கச் சொன்னார்கள். "அவர கொண்டாந்து காட்டுங்க, அழிச்சுக்கறேன்" என்றாள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

தையில் பாத்தி மிதிக்கும்போது என் இடது பக்கம் வந்து நின்றாள். நான் மிதிக்க ஆரம்பித்தேன். அவள் மிதிக்கும்போது சேறு தெறிப்பதில்லை.

உப்பு அப்படியேதான் விளைகிறது. வெயில் அடித்தால் விளையும்.

இந்த வருஷ மழையில் ஓடை பொங்கியது. கரையைத் தாண்டி வீட்டு வாசல் வரை தண்ணீர் வந்தது. மறுநாள் காலை தெருவில் ஒருத்தன் கத்தினான்.

"எறங்கிடுச்சு! டேய், எறங்கிடுச்சு வாங்கடா!"

என் கால் எழுந்துவிட்டது. கை மம்பட்டியைத் தேடியது. அஞ்சலை அடுப்படியிலிருந்து வந்து வாசலில் நின்றாள்.

"மாமா, தண்ணி வத்திடுச்சா?"

"இல்லம்மா, எறங்கியிருக்கு."

என் கையில் மம்பட்டி இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். தெருவில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் வழி விட்டாள்.

கிளம்பும்போது எல்லோரும் சொல்கிற வார்த்தை ஒன்று இருக்கிறது. போயிட்டு வந்துடறேன் என்று. எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் போனேன்.

கரை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மண் வெட்டிப் போட்டேன். எங்கள் ஊர்த் தண்ணீர் இறங்கினால் இறங்கியதுதான். கடலுக்குப் போய்விடும். மேலே எதுவும் அடைத்து நிற்காது. தெரியும். தெரிந்தும் நடு நடுவே வெட்டுவதை நிறுத்தி, ஓடைச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

நிமிர்ந்தபோது அஞ்சலை கரைமேல் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. என்னைப் பார்க்கவில்லை. கடலையும் பார்க்கவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊரில் மேற்கே பார்த்தால் மலை தெரியாது. தரைதான்.